‘கொழுப்பு எரியும் எல்லை’க்காகப் பந்தாட்டத்தை விட வேண்டுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 46, எடை 78 கிலோ. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தும் ஞாயிறு காலை பழைய கூட்டாளிகளுடன் கால்பந்து ஆடுவதை நிறுத்தவில்லை. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் இரண்டு வேளையும், காலையில் கிளிமிபிரைடு ஒரு மில்லிகிராமும் சாப்பிடுகிறார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.6 சதவீதம்.

தொப்பையைக் குறைக்க ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை மாட்டி, டிரெட்மில்லில் ஏற்றி, மூச்சை அளந்தார்கள். அறிக்கையில் நான்கு வரிகள்: சும்மா நின்றபோது சுவாச ஈவு (உடல் விடும் கரியமில வாயுவை எடுக்கும் ஆக்சிஜனால் வகுத்து வரும் எண்) 0.97. மெதுவாக நடந்தபோது 0.85, நாடித் துடிப்பு 108, ‘கொழுப்பு 49 சதவீதம்’. சற்று ஏற்றத்தில் வேகமாக நடந்தபோது 0.90, துடிப்பு 128, ‘கொழுப்பு 32 சதவீதம்’. மூச்சு முட்ட ஓடி நிறுத்தியபோது 1.12, ‘கொழுப்பு பூஜ்யம்’.

இதை வைத்துப் பயிற்சியாளர் சொன்ன தீர்ப்பு: துடிப்பு 110 வரைதான் ‘கொழுப்பு எரியும் எல்லை’, அதைத் தாண்டவே கூடாது, தாண்டினால் சர்க்கரைதான் எரியும், அதற்கும் மேலே போனால் தசையே கரையும், பந்தாட்டம் கூடாது, காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரம் மெதுவாக நடக்க வேண்டும். ஆறு மாதத் திட்டத்துக்கு 36,000 ரூபாயும் கட்டியாகிவிட்டது. இரண்டு மாதம் கடந்தும் எடை குறையவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. ‘நடக்கும்போது சில நாட்களில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அகோரப் பசி எடுக்கிறது. கொழுப்பு கரைவதன் அறிகுறி என்கிறார்கள். உண்மையா டாக்டர்?’ என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்காது. அந்த வியர்வையும் நடுக்கமும் பசியும் கொழுப்பு கரைவதால் வருபவை அல்ல. பெரும்பாலும் உங்கள் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகிறது. ஐந்தரை மணிக்குக் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் நடந்து, ஒன்பது மணிக்குத்தான் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிற்றில் சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் காலை உணவோடு சேர்த்து எடுக்கச் சொல்கிறோம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பதற மாட்டேன்.

நாளையிலிருந்து வெறும் வயிற்று நடையை நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்; எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த அறிகுறிகளைச் சொல்லி, நேரத்தையும் அளவையும் அவரே மாற்றட்டும். அதுவரை சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் நின்றுவிட்டு, முடிந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலும், பார்க்க வழியில்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே தலைசுற்றி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முகமூடி உண்மையில் எதை அளந்தது?

முகமூடிப் பரிசோதனை ஏமாற்று வேலை இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான, நல்ல அறிவியல் அது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். கரியமில வாயு 0.04 சதவீதம், அதாவது இல்லை என்றே சொல்லலாம். வெளியே வரும் காற்றில் ஆக்சிஜன் 16, 17 சதவீதமாகக் குறைந்து, கரியமில வாயு நான்கைத் தாண்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் காற்று போய் வருகிறது என்பதையும் சேர்த்து அளந்தால், உடல் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்தது, எவ்வளவு கரியமில வாயு விட்டது என்பது தெரிந்துவிடும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் அறிக்கையில் இருக்கும் சுவாச ஈவு.

இந்த ஓர் எண் எரிபொருளைக் காட்டிக்கொடுப்பதற்குக் காரணம் வேதியியல். குளுக்கோஸ் மூலக்கூறு தனக்குள்ளேயே நிறைய ஆக்சிஜனை வைத்திருக்கிறது. ஒரு மூலக்கூறை முழுதாக எரிக்க ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகள் போதும். ஆறு கரியமில வாயு மூலக்கூறுகள் வெளிவரும். ஈவு 1.0. கொழுப்பில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பாமிட்டிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை எரிக்க 23 ஆக்சிஜன் தேவை, வெளிவருவது 16 கரியமில வாயு. ஈவு 0.70. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்பதை வைத்துக் கலவையைக் கணக்கிடலாம். 0.85 என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 0.90 என்றால் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து, ஒரு பங்கு கொழுப்பு. உங்கள் அறிக்கையின் 49ம் 32ம் இந்தப் பழைய அட்டவணையிலிருந்து வந்தவைதான். புரதத்தின் பங்கு சிறியது என்று கணக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை அளக்கச் சிறுநீரில் உள்ள நைட்ரஜனைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். துறைமுக வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகும் லாரி எத்தனை, வெளியே வரும் லாரி எத்தனை என்று எண்ணி, யார்டில் என்ன நடக்கிறது என்று ஊகிப்பது போன்றது இந்த அளவீடு. யார்டில் வேலை சீராக ஓடும்போது ஊகம் நன்றாகப் பொருந்தும். ஏற்கெனவே உள்ளே நிறுத்தி வைத்திருந்த வண்டிகளைத் திடீரென்று வெளியே விட்டால் கணக்கு தப்பும்.

உங்களுடைய 1.12 அப்படித் தப்பிய கணக்கு. மூச்சு முட்ட ஓடும்போது தசையில் லாக்டிக் அமிலம் கூடுகிறது. ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தன்மையைத் தணிக்கிறது. தணிக்கும்போது அதிலிருந்து கரியமில வாயு பிரிகிறது. எரிபொருள் எரிந்து வந்ததோடு இதுவும் சேர்ந்து மூச்சில் வெளியேறுவதால் ஈவு ஒன்றைத் தாண்டுகிறது. தசை கரைந்திருந்தால் இந்த எண் மேலே போகவே வழியில்லை, ஏனென்றால் புரதம் எரிந்தால் ஈவு 0.8ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் 1.10ஐத் தாண்டினால், ‘இவர் உண்மையிலேயே முழு மூச்சாக உழைத்திருக்கிறார்’ என்று குறித்துக்கொள்வோம். பாராட்ட வேண்டிய எண்ணைக் காட்டி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

சும்மா நின்றபோது வந்த 0.97க்கும் கவலைப்பட வேண்டாம். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு வாசலில் இருந்த கடையில் நான்கு இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (அந்தக் காபிக்காக உங்களிடம் வேறொரு நாள் சண்டை போடுகிறேன்.) சற்று முன் மாவுச்சத்து சாப்பிட்ட உடல் மாவுச்சத்தைத்தான் எரிக்கும். போதாக்குறைக்கு, முகமூடியை முதன்முதலாக மாட்டும்போது பதற்றத்தில் எல்லோரும் வேகமாக மூச்சுவிடுவார்கள்; ரத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு கூடுதலாக வெளியேறி ஈவு ஏறும். ‘கொழுப்பை எரிக்க மறந்த உடல்’ என்று நிலையத்தில் உங்களிடம் சொன்னதற்கு அந்த ஒற்றை எண்ணில் ஆதாரம் இல்லை. கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோக், லிண்ட்ஹார்டு என்ற உடலியல் அறிஞர்கள் மூடிய அறைக்குள் ஆட்களை மிதிவண்டி மிதிக்க வைத்து, உழைக்கும் உடல் எதை எரிக்கிறது என்ற இதே கேள்வியை ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதனைக்கு முந்தைய நாட்களின் உணவையே கட்டுப்படுத்தினார்கள். சாப்பாடு மாறினால் ஈவும் மாறும் என்பது நூறு ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி.

இன்னொரு குறை: உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு வேகமும் ஒரு நிமிடம்தான் நீடித்திருக்கிறது. வேகம் மாறியதும் மூச்சும் ரத்த ஓட்டமும் ஒரு நிலைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். எரிபொருள் கலவையைக் கணிக்க வேண்டுமானால் ஒரே வேகத்தில் குறைந்தது மூன்று நிமிடமாவது ஓட விட்டு, கடைசிப் பகுதியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சதவீதம் பெரிதா, அளவு பெரிதா?

அந்த எண்களை அப்படியே நம்பினாலும், பயிற்சியாளர் எடுத்த முடிவு அவற்றிலிருந்து வராது. நீங்கள் அனுப்பிய தாளில் ஆக்சிஜன் அளவும் இருக்கிறது: மெதுவான நடையில் நிமிடத்துக்கு 0.9 லிட்டர், வேகமான நடையில் 1.4 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 4.9 கலோரி எரிகிறது.

45 நிமிட மெதுநடையில் மொத்தம் 197 கலோரி. அதில் பாதி கொழுப்பிலிருந்து, அதாவது 11 கிராம் கொழுப்பு. மீதியில் 25 கிராம் மாவுச்சத்து. அதே 45 நிமிடம் வேகமாக ஏற்றத்தில் நடந்தால் 310 கலோரி. அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்றாலும் கிராமில் பார்த்தால் அதுவும் 11தான். மாவுச்சத்து மட்டும் 52 கிராமாக, இரு மடங்காகிவிட்டது.

கொழுப்பில் ஒரு கிராம்கூட நட்டமில்லை. மேலே செலவானது முழுக்க மாவுச்சத்து. அதைத்தான் ‘வீண்’ என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள ஒருவரிடம் போய், ‘சர்க்கரையை எரித்துவிடாதீர்கள்’ என்று சொல்வதை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை! உங்கள் நோயின் சாரமே ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் தசைக்குள் போக மறுப்பதுதான். வேலை செய்யும் தசை இன்சுலினின் தயவு இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழித்த தசை, அடுத்த வேளை சாப்பாட்டில் வரும் சர்க்கரைக்கு இடம் வைத்திருக்கும். இந்த நன்மை ஆட்டம் முடிந்த பிறகும் பல மணி நேரம் தொடரும். தீவிரத்தைக் கூட்டக் கூட மாவுச்சத்தின் பங்கு கூடுவது உடலின் இயல்பு. உங்கள் விஷயத்தில் அது வரவு.

தொப்பைக்கு வருவோம். நடக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் எது எரிந்தது என்பது தொப்பையைத் தீர்மானிப்பதில்லை. காலையில் கொழுப்பை அதிகம் எரித்தவர் பிற்பகலில் மாவுச்சத்தை அதிகம் எரிப்பார்; உடல் தன் கணக்கை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நேர் செய்துகொள்ளும். சாப்பிட்டதைவிடச் செலவழித்தது பல வாரங்களுக்குத் தொடர்ந்து கூடுதலாக இருந்தால்தான் இடுப்புச் சுற்றளவு குறையும். அகோரப் பசியில் ஒன்பது மணிக்கு நீங்கள் சாப்பிடுவதாக எழுதியிருக்கும் ஆறு இட்லி, இரண்டு வடையில், காலை நடையில் செலவானது அப்படியே திரும்ப வந்துவிடுகிறது. இரண்டு மாதம் எடை அசையாததற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

மெதுவான நடை கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றும் செய்யாதவருக்கு அது நல்ல தொடக்கம். மூட்டு வலி உள்ளவருக்கு, இதய அறுவைக்குப் பின் எழுந்து நடப்பவருக்கு அதுவே மருந்து. இருபது ஆண்டுகள் பந்து ஆடிய கால்களை அதிலேயே கட்டிப்போடுவதுதான் எனக்கு ஏற்கவில்லை.

மைதானத்துக்குத் திரும்பும் முன்

திரும்பலாம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். 46 வயது, நான்கு ஆண்டுச் சர்க்கரை, இரண்டு மாத இடைவெளி. உங்களை மூச்சு முட்ட ஓடவிட்டபோது நெஞ்சில் இசிஜி ஒயர் எதுவும் ஒட்டவில்லை, ரத்த அழுத்தமும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய இடம் அதுதான். உங்கள் வயதில், உங்கள் நோயோடு இருப்பவரை உச்ச உழைப்புக்குத் தள்ளுவதற்கு முன் ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

எனவே முதலில் இதயப் பரிசோதனை. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இசிஜி எடுத்துக்கொண்டு, இசிஜி பொருத்திய டிரெட்மில் சோதனை தேவையா என்று அங்கே கேளுங்கள். ராயபுரம் மேம்பாலம் ஏறும்போது ‘சில சமயம் நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது’ என்று மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். அந்தக் கனம் ஓய்விலும் வந்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டாம்; நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, 108ஐ அழைத்துப் போங்கள்.

அடுத்தது கண்ணும் காலும். விழித்திரையைப் பரிசோதித்து ஓராண்டு ஆகியிருந்தால் பார்த்துவிடுங்கள். விழித்திரை மிகவும் பாதிக்கப்பட்டிருந்தால் கடும் உழைப்பு ரத்தக் கசிவை உண்டாக்கலாம். வெறுங்காலில் ஆடும் பழைய பழக்கம் இனி வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் விரலிடுக்கு வரை பாருங்கள். வலி தெரியாத கொப்புளம்தான் சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கு எமன்.

இவையெல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு, இரண்டு மூன்று வாரம் வேகநடை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவு மூச்சு வாங்க வேண்டும். அதற்கு எந்த முகமூடியும் தேவையில்லை. வாரத்தில் 150 நிமிடத்தை எட்டுங்கள். அதில் ஒரு பங்கை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடையாக வைத்துக்கொண்டால் சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். வாரம் இரு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி அவசியம். உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும். நடைக்கு எண்ணூர் நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பூங்கா ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூச்சு வாங்க நடப்பவர் உள்ளே இழுக்கும் காற்று ஓய்வில் இருப்பவரைவிடப் பல மடங்கு. லாரிப் புகையும் அதே கணக்கில்தான் உள்ளே போகும்.

பிறகு ஆட்டம். முதல் வாரம் கால் மணி நேரம் ஆடிவிட்டு வெளியே வாருங்கள், கூட்டாளிகள் கேலி செய்தாலும். ஆடும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். அன்று பிற்பகலிலும் சர்க்கரை தாழலாம் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

கட்டிய பணம்

நான் வழக்கறிஞர் இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாதாமாதம் அந்த முகமூடிப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதில் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, அதனால் அதற்கு இனி ஒப்புக்கொள்ள வேண்டாம். மீதி நான்கு மாதத்தை அந்த நிலையத்தின் எடை தூக்கும் கருவிகளைப் பயன்படுத்தக் கழித்துக்கொள்ள முடியுமா என்று முதலில் சுமுகமாகக் கேளுங்கள். மறுத்தால், மீதிப் பணத்தைக் கேட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ரசீது, அறிக்கை, திட்டத்தை விற்றபோது அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. ஆனால் அதற்கெல்லாம் அவசரமில்லை. மாத்திரை நேரமும் நெஞ்சுக் கனமும்தான் இந்த வாரத்து வேலை.